மீட்டது யாரு? தொழிலதிபர் கதைகளை முன்வைத்துச் சில கேள்விகள்

1

சோழர் கல்வெட்டுகளின் முகப்பில் மெய்க்கீர்த்தி என்று ஒன்று வரும். முதலாம் ராஜராஜன் காலத்தில்தான் இது முறையான வழக்கமானது. மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான், எந்தக் கடல் கடந்தான் என்று வரிசையாகப் பாடிவிட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வரும். அதே ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் நம்ம சனங்களும் வருகிறார்கள். எங்கே வருகிறார்கள்? வரிக்கணக்கில். ஓர் ஊரின் மொத்த நிலத்திலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள். கீர்த்தி மன்னனுக்கு, கழித்தல் நமக்கு. தமிழ் எம்.ஏ. வகுப்பில் மெய்க்கீர்த்தியின் நடையழகைச் சொல்லித் தருவார்கள். கழித்தல் வரியைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி வராது.

தொழிலதிபர்களைப் பற்றி இப்போது குவிகிற வாழ்க்கை வரலாறுகள், பேட்டிகள், பத்திரிகைத் தொடர்கள் எல்லாவற்றையும் மெய்க்கீர்த்தியின் புதுப் பதிப்பாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது. கதைப்பின்னல் ஒன்றுதான். நாடு நொடித்துக் கிடந்தது, அல்லது கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தது. ஒருத்தர் வந்தார், துணிந்தார், மீட்டார். பாட்டுடைத் தலைவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் செலவுக் கணக்கு. கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் தலைவரின் படமும் உரையும் இருக்கும். தொழிலாளி எங்கேயோ ஒரு பக்கத்தில், லாபத்திலிருந்து கழிக்கப்பட வேண்டிய தொகையாக இருப்பார்.

இந்தக் கதைகளில் இப்போது நம்ம ஆளுங்களும் பாட்டுடைத் தலைவர்களாக வர ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. நம்ம பிள்ளைகள் இதை வாசிக்கிறார்கள், நம்புகிறார்கள்.

2

இந்த வகைக் கதைகளுக்கு எல்லாம் தாய்க்கதை 1991. அந்த வருஷம் அன்னியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் அளவுக்கு லண்டனுக்கு விமானம் ஏறிப் போனது. ஜூலை 1, 3 என்று இரண்டு தடவை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஜூலை 24இல் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். அன்றைக்கே புதிய தொழிற்கொள்கை வந்து, பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. இதற்குப் பின்னால் சொல்லப்படுவதுதான் கதை: கட்டை அவிழ்த்துவிட்டார்கள், முதலாளிகள் பாய்ந்து வந்து நாட்டைத் தூக்கி நிறுத்தினார்கள்.

லைசென்ஸ் ராஜ்ஜியத்துக்காக நாம் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. அந்த லைசென்ஸ்களும் சில குடும்பங்களின் பெட்டிக்குள்தான் கிடந்தன. சேரியிலிருந்து ஒருத்தன் டெல்லிக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வந்த கதை கிடையாது. பின்னால் வந்த வளர்ச்சியில் தனியார் கம்பெனிகளுக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் முதலில் கழுத்தைப் பிடித்த நெருக்கடியிலிருந்து மூச்சு விட வைத்தது எது? பொதுச் சொத்தான தங்கம். சர்வதேச நிதியத்தில் வாங்கிய கடன். அந்தக் கடனையும் நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்துதான் சுமந்தார்கள். அப்புறம் வெளிநாட்டில் உழைத்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிய காசு. 1990-91இல் 200 கோடி டாலரைச் சுற்றி இருந்த அந்தத் தொகை, 1996-97இல் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. அதில் கணிசமான பங்கு வளைகுடாவில் சாரத்தில் ஏறி நின்றவர்களும், லாரி ஓட்டினவர்களும், வீட்டு வேலை செய்த பெண்களும் அனுப்பியது. வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவர்களுடைய துணிச்சலை யாரும் தொழில்முனைவு என்று சொல்வதில்லை. அவர்களுக்கு மெய்க்கீர்த்தி கிடையாது.

மீட்சிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் கதையில் இல்லை. 2000 ஜனவரியில் மாடர்ன் ஃபுட்ஸ் என்ற அரசு ரொட்டிக் கம்பெனி இந்துஸ்தான் லீவரிடம் போனது. 2001இல் பால்கோ ஸ்டெர்லைட்டிடம் போனது. அரசு நிறுவனம் தனியார் கைக்குப் போன அன்றே புதிய ஆள் எடுப்பில் இடஒதுக்கீடு போனது. 1991இல் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 20 லட்சத்துக்கும் மேல் நிரந்தர ஊழியர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. ஒரு தலைமுறை படித்து மேலே வந்த ஏணி அது. நாட்டை மீட்ட கதையில், ஏணியை எடுத்ததைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

3

இந்த இடத்தில்தான் இன்னொரு குரல் கேட்கிறது. அரசு வேலை சுருங்கிவிட்டது, இனி வேலை கேட்கிறவனாக இருக்காதே, வேலை கொடுக்கிறவனாக மாறு என்கிற குரல். 2005இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பு இதை இயக்கமாகவே நடத்தியது. 2014இல் தேவேஷ் கபூர், டி. ஷியாம் பாபு, சந்திரபான் பிரசாத் மூவரும் ‘டிஃபையிங் தி ஆட்ஸ்’ என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். 21 தலித் தொழில்முனைவோரின் வாழ்க்கை அதில் இருக்கிறது.

இந்தக் குரலை எடுத்த எடுப்பில் முதலாளித்துவ ஏஜெண்டு என்று திட்டி ஒதுக்குவது இடதுசாரி நண்பர்களுக்குச் சுலபம். நமக்கு அப்படிச் சுலபமாக முடியாது. சூத்திரன் திறமை இருந்தாலும் பொருள் சேர்க்கக் கூடாது என்று மனு எழுதி வைத்திருக்கிற நாடு இது. சேரிக்காரன் கறந்த பாலை ஊருக்குள் வாங்க மாட்டான். சேரிக்காரி சுட்ட இட்லியை ஊருக்குள் தின்ன மாட்டான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தர் பட்டறை போடுவதும், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுப்பதும் சாதியின் மேல் விழுகிற அடிதான். அந்த 21 பேரின் வாழ்க்கையும் எழுதப்பட வேண்டியவை. சிக்கல் வாழ்க்கையில் இல்லை. வாழ்க்கையைச் சொல்கிற முறையில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கி வாசிப்போம். கல்பனா சரோஜ். விதர்ப்பாவில் அகோலா பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 12 வயதில் கல்யாணம் கட்டி பம்பாய்க்கு அனுப்பிவிட்டார்கள். அடி, உதை, பட்டினி. அப்பா வந்து மீட்டுக்கொண்டு போனார். திரும்பவும் பம்பாய் வந்து தையல் வேலை பார்த்தார், நாளுக்கு 2 ரூபாய் கூலி. பிறகு அறைக்கலன் வியாபாரம், அப்புறம் கட்டடத் தொழில். கடைசியில் குர்லாவில் மூழ்கிக் கிடந்த கமானி டியூப்ஸ் என்கிற செம்புக்குழாய்க் கம்பெனியை ஏற்று நடத்தி நிமிர்த்தினார். 2013இல் பத்மஸ்ரீ. ஒரு தலித் பெண்ணின் இந்த வாழ்க்கையைப் படித்துவிட்டு நெஞ்சு நிமிராதவர் யாரும் நம்மில் இருக்க முடியாது.

இனி இந்தப் பிரதியின் மௌனங்களைக் கவனியுங்கள்.

கமானி டியூப்ஸை மூழ்கடித்தது யார்? முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பங்காளிச் சண்டையும் நிர்வாகச் சீர்கேடும். 1985 வாக்கில் ஆலை நின்றுபோனது. அப்போது அதை மீட்க வந்தது எந்தத் தொழிலதிபரும் கிடையாது. தொழிலாளர்கள். நாங்களே நடத்துகிறோம் என்று சங்கம் வழக்காடியது. 1988இல் உச்சநீதிமன்றம் தொழிலாளர் கூட்டுறவு ஆலையை எடுத்து நடத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு பெரிய நாள். பூட்டிக் கிடந்த ஆலையைத் திறந்து சில ஆண்டுகள் ஓட்டியும் காட்டினார்கள். பிறகு மூலதனம் போதாமல், கடன் ஏறி, சங்கங்களுக்குள் சண்டை மூண்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மறுபடியும் நொடித்தது. இந்தத் தோல்விக்கும் விமர்சனம் வேண்டும். சங்கத் தலைமைகள் தொழிலாளியைத் தயார்ப்படுத்தியதா, கணக்கு வழக்கைத் திறந்து வைத்ததா என்று கேட்க வேண்டும். ஆனால் கல்பனா சரோஜின் கதையைச் சொல்கிற பத்திரிகைகளில், அந்தப் பத்தாண்டு ‘தொழிற்சங்கத் தகராறு’ என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த அத்தியாயத்துக்கு மேடை போடுவதற்காக மட்டும் தொழிலாளி வருகிறான். வந்து, தோற்றுப்போய், ஒதுங்கிவிடுகிறான்.

2000 வாக்கில் கல்பனா சரோஜை ஆலைக்கு அழைத்தது யார்? அதே தொழிலாளர்கள். அவரே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் தொழில் தொடங்க அவருக்குக் கிடைத்த 50,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? அரசுக் கடன் திட்டத்திலிருந்து. கம்பெனியின் தலையில் இருந்த கடன் 116 கோடி என்று சொல்லப்படுகிறது. அதில் வட்டியையும் அபராதத்தையும் வங்கிகள் தள்ளிக்கொடுத்ததால்தான் கம்பெனி மூச்சு விட்டது. அதையும் அவரே மறைக்காமல் சொல்கிறார். மறுசீரமைப்புத் திட்டத்துக்கு வழி செய்தது 1985 சட்டத்தின் கீழ் அமைந்த நலிந்த தொழில்கள் வாரியம். தொழிலாளர்களின் பழைய பாக்கியைத் தீர்த்ததையும் தன் சாதனைகளில் ஒன்றாக அவர் குறிப்பிடுகிறார்.

ஆக, அவருடைய வாயாலேயே கேட்டால் இந்த மீட்சியில் தொழிலாளி இருக்கிறான், அரசு இருக்கிறது, பொது வங்கி இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ஒரு தலித் பெண்ணின் அசாத்தியமான உழைப்பும் மூளையும் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கையில் போனதும் முதல் நான்கும் உதிர்ந்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது தனிமனித மனவுறுதி. யார் முயன்றாலும் முடியும் என்ற நீதிபோதனை. அதன் மறுபக்கம் என்ன? முடியாமல் போனவன் முயலாதவன். சாதிக்கு அதில் வேலையே இல்லை. இட ஒதுக்கீடும் கடனுதவியும் சோம்பேறிக்குத் தேவைப்படுவது. அவருடைய வாழ்க்கை, அவரைத் தூக்கிவிட்ட படிகளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்படுகிறது. நம்முடைய எதிர்ப்பு இங்கேதான்.

4

சந்தைக்குச் சாதி தெரியாது, காசு மட்டும்தான் தெரியும் என்று சொல்றாங்க. பம்பாய்ப் பஞ்சாலைகளைப் பார்த்துவிட்டு இதைச் சொல்ல முடியுமா? அங்கே நெசவுப் பகுதியில் கூலி அதிகம். நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் எச்சில் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளிகள் சொன்னார்கள். அதனால் நம்ம ஆளுங்களுக்கு நெசவுப் பகுதியில் இடமில்லை. அம்பேத்கர் 1920களின் கடைசியில் வேலைநிறுத்தக் காலத்திலேயே இதைக் கிளப்பினார். ஆலையும் நவீனம், முதலாளியும் நவீனம், நூல் மட்டும் மனு காலத்து நூல்.

அது பழைய கதை என்றால் புதிய கணக்கைப் பாருங்கள். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தவை 9.8 சதவீதம். மக்கள்தொகையில் நம் பங்கு 16 சதவீதத்துக்கும் மேல். தாராளமயம் வந்து 14 வருஷம் ஆன பிறகு எடுத்த கணக்கு இது. அந்த 9.8இலும் பெரும்பாலானவை ஆள் வைக்காமல் வீட்டுக்காரர்களே உழைக்கிற சின்னச் சின்ன கடைகளும் பட்டறைகளும்தான். மேல்தட்டில் என்ன நிலை? 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு 1,000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் இருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களைச் சாதிவாரியாகப் பார்த்தது. 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் என்று காட்டிக்கொடுக்கிற பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. காசு மட்டும்தான் தெரிந்த சந்தைக்குப் பெயரைப் படிக்கவும் தெரிந்திருக்கிறது.

தொழில் தொடங்க வேண்டியது துணிச்சல் மட்டுமா? ஈடு வைக்க நிலம் வேண்டும். சரக்கைக் கடனில் தருகிற மொத்த வியாபாரி வேண்டும். ஆர்டர் கொடுக்கிற மாமன் மச்சான் வேண்டும். இவை மூன்றும் சாதிவழிச் சொத்துகள். அவர்களுக்குப் பிறந்த வீட்டிலேயே கிடைப்பவை. நமக்கு அரசு கொடுத்தால்தான் உண்டு. 2012இல் மத்திய அரசு தன் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று ஆணை போட்டது. இலக்கு ஏட்டிலேயே நின்றது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியத்தோடும் 6 சதவீத வட்டி மானியத்தோடும் வந்தது. இவற்றை வரவேற்கிறோம். இன்னும் கேட்போம். ஆனால் இவை எல்லாமே நிரூபிப்பது ஒன்றைத்தான்: சந்தை தானாக நமக்குக் கதவைத் திறக்கவில்லை.

5

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தீண்டப்படாத தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள், ஒன்று பார்ப்பனியம், மற்றது முதலாளித்துவம் என்பது அந்தப் பேச்சின் சாரம். இன்றைக்கு ஒரு கூட்டம் முதல் எதிரியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, இன்னொரு கூட்டம் இரண்டாவதை மட்டும். 1947இல் அவர் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையாக, வேளாண்மை அரசுத் தொழிலாக இருக்க வேண்டும் என்று கேட்டார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் புத்தகம் போட்ட பொருளாதார அறிஞர் கேட்டது இது. விவரம் தெரியாமல் கேட்டதல்ல. தனியார் கையில் மொத்தத் தொழிலும் போனால் சாதி அங்கே முதலாளியாக உட்கார்ந்துகொள்ளும் என்று தெரிந்து கேட்டது.

அவர் வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால்தான் 1946இல் தொழிற்சாலை வேலைநேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. இந்த 48ஐ நினைவில் வைத்துக்கொண்டு, ‘பொருளாதார மீட்சி’ என்ற சொல் வரும்போதெல்லாம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

2019 செப்டம்பரில் பொருளாதாரம் சரிந்தபோது, தொழிலை ஊக்குவிக்க கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அரசுக்கு இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி என்று அன்றைக்கே அறிவித்தார்கள். 2020இல் கொரோனா. சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் குஜராத் அரசு 12 மணி நேர வேலைக்கு ஆணை போட்டது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி கிடையாது என்றது. அந்த அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை ரத்துசெய்தது. உத்தரப்பிரதேச அமைச்சரவை பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை 3 வருஷத்துக்கு நிறுத்திவைக்க அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நம்ம ஊர் மட்டும் யோக்கியமா? 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியது. முதலீடு வர வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மே நாளன்று திரும்பப் பெற்றார்கள். முதலாளிக்கு ஊக்கம் என்றால் வரிக்குறைப்பு, தொழிலாளிக்கு ஊக்கம் என்றால் நாலு மணி நேரம் கூடுதல் வேலை. அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்ட கையாலேயே அம்பேத்கரின் 48 மணியில் கைவைக்கிறார்கள்.

6

2025 ஆகஸ்டு மாதம் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்ததை எதிர்த்து. பெரும்பாலோர் நம்ம பெண்கள். பல வருஷம் மாநகராட்சிக்கு உழைத்தவர்கள். கம்பெனிக்குப் போனால் சம்பளம் குறையும், நிரந்தரம் என்ற கனவும் போகும் என்பது அவர்கள் பேச்சு. ஆகஸ்டு 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

இந்தக் காட்சியை நம்முடைய வேலை கொடுக்கிறவனாக மாறு என்ற முழக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய் நீ தொழிலதிபர் ஆகு என்று சொல்வோமா? குப்பை எடுக்கிற காண்டிராக்டை நாளைக்கு ஒரு தலித் முதலாளியே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். கட்டாமல், லீவு கொடுக்காமல் அவரும் அதே வேலையை வாங்கினால், துடைப்பம் பிடித்த கைக்கு என்ன மாறியது? கட்டினார், கொடுத்தார், மரியாதையாக நடத்தினார் என்றால் அவரை நாம் கொண்டாடுவோம். சாதியை வைத்து அல்ல, அந்தக் கணக்கை வைத்து.

ஒரு தொழிலதிபர் கதை கைக்கு வரும்போது விமர்சகன் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. முதல் காசு எங்கிருந்து வந்தது? நிலம் யாருடையது? கடனை யார் தள்ளுபடி செய்தது? வேலை பார்த்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள்? கம்பெனி பிழைத்த பிறகு எத்தனை பேர் வேலையில் மிஞ்சினார்கள்? நம்ம ஆள் எழுதிய கதைக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. அவன் நம்மாளு, கேட்கக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதற்குப் பதில் ஆண்டறிக்கையில் கிடைக்காது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர்கள், திருப்பூரில் பிசிறு வெட்டுகிறவர்கள், 2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபோது தெருவுக்கு வந்தவர்கள், இவர்களிடம்தான் இருக்கிறது. படித்த பிள்ளைகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து, எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார், முதல் கூலி என்ன, கடைசிக் கூலி என்ன, கம்பெனி நொடித்தபோது என்ன ஆனது, மீண்டபோது என்ன ஆனது என்று அவர் பேச்சிலேயே எழுதுங்கள். பேச்சைத் திருத்தாதீர்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், தேதியையும் தொகையையும் விடாதீர்கள். அப்படி நூறு சாட்சியங்கள் சேர்ந்த பிறகு, நாட்டை மீட்டது யாருன்னு உட்கார்ந்து பேசுவோம்.